கோழித் தீவனத்தில் கலந்த கடைசி மருந்து

லேடாங் மலையடியில் அமைந்த தங்காக், துணிக்கடைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். தீபாவளியை ஒட்டிச் சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்கள் அங்கே துணிமணி எடுப்பதும், திரும்பும் வழியில் சந்தையில் கோழி வாங்குவதும் இன்று நேற்று வந்த வழக்கம் அன்று. கோழிக்கடையின் முன் நிற்கும் தாய்மார் வாயில் தவறாமல் ஒரு கேள்வி பிறக்கும்: “இது ஊசி போட்ட கோழியா, கம்போங் கோழியா?” லயத்து வீட்டுப் பின்புறத்தில் கரையானையும் சோற்றுப் பருக்கையையும் கொத்தித் தின்று, ஆறு மாதம் மெல்ல வளர்ந்த கோழியை உண்டு பழகிய தலைமுறையின் ஐயம் அது. முப்பத்தைந்து நாற்பது நாளில் இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடும் பண்ணைக்கோழியைக் கண்டால், ஏதோ ஊசியின் வேலைதான் என்று அவர்களுக்குத் தோன்றுவது இயல்பே.

இவ்வச்சம் முற்றும் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. ஆயினும் குறி தவறிய அச்சம் என்றே சொல்லவேண்டும். ஒரு கொட்டகையில் ஆயிரமாயிரமாய் வளரும் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நாள்தோறும் ஊசி போட எந்தப் பண்ணையாராலும் இயலாது. விரைவான வளர்ச்சிக்கு முதற் காரணம் தேர்ந்தெடுத்த இனமும் அளந்து வைக்கும் தீவனமும் ஆகும். மருந்து கொடுக்கும்போது அது பெரும்பாலும் தீவனத்திலோ குடிநீரிலோ கலந்தே செல்கிறது. அம்மருந்தில் எவ்வளவு நம் கறிச்சட்டிக்கு வந்து சேர்கிறது என்பதைக் காட்டிலும் பெரிய வினா ஒன்று உண்டு. கோழியின் குடலிலும் பன்றியின் குடலிலும் வாழும் நுண்ணுயிர்களுக்கு அம்மருந்து என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதே அவ்வினா. அதனை விளக்கக் கொலிஸ்டின் என்னும் ஒரு மருந்தின் வரலாறே போதும். மலேசியாவும் இந்தியாவும் ஒரே ஆண்டில், 2019-இல், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதனைக் கொடுக்கலாகாதென்று தடுத்தன.

சொல்லைப் பற்றி ஒரு சொல்

ஆன்ட்டிபயாட்டிக் என்பதனைத் தமிழில் நுண்ணுயிர்க்கொல்லி என்றும், உயிர் எதிரி என்றும், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து என்றும் பலவாறு வழங்குகின்றோம். ‘கொல்லி’ என்பது கேட்பதற்கு வீறுடைய சொல்லாயினும் முழுதும் பொருந்துவதன்று. இவ்வகை மருந்துகளுள் சில கொல்லும். சில கொல்லாமல், நுண்ணுயிரின் பெருக்கத்தை மட்டும் தடுத்து நிறுத்தும். மேலும், பாக்டீரியாக்களுக்கு எதிராக வேலை செய்யும் இம்மருந்துகள் வைரஸ் என்னும் நச்சுயிரை ஒன்றும் செய்யா. 1998-இலும் 1999-இலும் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி நெகிரி செம்பிலானில் பரவி நூற்றுக்கு மேற்பட்டோரை மாய்த்த நிப்பா நோய் நச்சுயிரால் வந்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளை அழித்தே அதனை அடக்க வேண்டியதாயிற்று. மருந்துப் பெட்டியில் அதற்கு மருந்து இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர்கள் ‘கிருமி’ என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதைத் தவிர்ப்பது நலம். இக்கட்டுரையில் நுண்ணுயிர் என்பது பாக்டீரியாவையே குறிக்கும்.

மருந்து தீவனத்துள் புகுந்தது எவ்வாறு?

நோயில்லாத விலங்குக்கு நாள்தோறும் மருந்து கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இதன் தொடக்கத்தில் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ், லெடர்லே ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராய் விளங்கினார். அவர் தலைமையின் கீழ்ப் பணியாற்றிய முதியவர் பெஞ்சமின் டக்கர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டு 1948-இல் வெளியிட்டார். பொன்னிறமாய் இருந்தமையால் பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அப்பெயர் அமைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார்.

மருந்தை வடித்தெடுத்தபின் எஞ்சும் சக்கை வீணாகாமல், அதிலுள்ள பி-12 உயிர்ச்சத்துக்காகக் கோழிக்குஞ்சுகளுக்கு அதனைத் தின்னக் கொடுத்துப் பார்த்தனர் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டட் என்னும் இருவர். குஞ்சுகள் உயிர்ச்சத்தால் மட்டும் விளங்காத அளவுக்கு விரைந்து வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த சிறிதளவு மருந்தே அதற்குக் காரணம் எனக் கண்டு, 1950-இல் அறிவித்தனர். அவ்வளவுதான்; சில ஆண்டுகளுக்குள் மருந்து கலவாத தீவனமே அரிதென்னும் நிலை அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவிற்று. நோய் தீர்க்க வந்த பொருள் எடை கூட்டும் பொருளாயிற்று. அளவு குறைவாகவும் நாள் நெடிதாகவும் கொடுக்கப்பட்டது; நுண்ணுயிர்களை மருந்துக்குப் பழக்க வேண்டுமென்றே ஒருவர் திட்டமிட்டிருந்தாலும் இதனினும் நல்ல வழியைக் கண்டிருக்க மாட்டார்.

கொலிஸ்டினின் இயல்பு

கொலிஸ்டினும் மண் தந்த மருந்தே. ஜப்பானியராகிய கோயாமாவும் அவருடன் உழைத்தோரும் 1950-இல் இதனை வெளியிட்டனர். 1959 தொடங்கி மனிதர்க்கு ஊசி மருந்தாக வழங்கியது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் இயல்பு இதற்கு உண்டு. ஆகவே வேறு நல்ல மருந்துகள் கிடைத்தவுடன், 1970-களில், மருத்துவர்கள் இதனை ஏறக்குறைய மூலையில் வைத்துவிட்டனர். மனித மருத்துவம் கைவிட்டதனைக் கால்நடை வளர்ப்போர் எடுத்துக்கொண்டனர். மனிதருக்கு வேண்டாத மருந்துதானே, விலங்குக்குக் கொடுத்தால் யாருக்கு என்ன இழப்பு என்று அன்று எண்ணியதில் பெரும்பிழை இருந்ததாகவும் சொல்லமுடியாது.

இம்மருந்து வேலை செய்யும் முறை அழகானது. ஈ.கோலை போன்ற நுண்ணுயிர்களுக்கு இரட்டைச் சுவர்க் கோட்டைபோல் புறத்தே ஓர் உறை உண்டு. அவ்வுறையின் வெளிப்புறம் எதிர் மின்னூட்டம் உடையது. மக்னீசியமும் கால்சியமும் சாந்துபோல் நின்று அதன் கற்களை இணைத்துப் பிடித்திருக்கின்றன. நேர் மின்னூட்டம் உடைய கொலிஸ்டின் அங்கே வந்து, அச்சாந்தை விலக்கிவிட்டுத் தான் புகுந்து ஒட்டிக்கொள்கிறது. பின் சுவர் நெகிழ்ந்து உடைய, உள்ளே இருப்பது வெளியே கசிந்து நுண்ணுயிர் மாள்கிறது.

வாய்வழி கொடுத்தால் கொலிஸ்டின் குடலிலேயே தங்கிவிடும். குருதியில் மிகச் சிறிதளவே கலக்கும். குடல்நோய்க்கு இதனைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதுவே. கறியில் இம்மருந்தின் எச்சம் மிகக் குறைவாய் இருப்பதும் இதனாலேயே. ஆகவே, ‘கோழிக்கறியில் மருந்து இருக்கிறதா?’ என்று மட்டும் சோதித்தவர்க்குக் கொலிஸ்டின் குற்றமற்றதாகவே தோன்றிற்று.

பாலை மறந்த குருளைகள்

பன்றிக்குட்டியைக் குருளை என்று கூறலாமெனத் தொல்காப்பிய மரபியல் விதிக்கிறது. நாய்க்கும் புலிக்கும் முயலுக்கும் உரிய அச்சொல்லை இன்று புலிக்கு மட்டுமே பெரிதும் எழுதுகின்றோம். பன்றிக் குருளைகள் இயற்கையில் தாயிடம் மூன்று மாதத்துக்கு மேலும் பால் குடிக்கும். பண்ணையிலோ மூன்று அல்லது நான்கு வாரத்தில் அவற்றைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவர். தாய்ப்பாலில் வரும் நோய்த்தடுப்புப் பொருள் திடீரென நின்றுபோகிறது, தீவனம் புதிது, கூடவே அடைக்கப்பட்ட குட்டிகளும் புதியவை. அந்த வாரங்களில் ஈ.கோலை குடலில் பெருகிக் கழிச்சலை உண்டாக்கும். குட்டிகள் நீர் வற்றிச் சாகும். கோழிகளிடத்தும் இதே நுண்ணுயிர் மூச்சுப்பையிலும் ஈரலைச் சுற்றியும் புகுந்து கேடு செய்கிறது. இவ்விரண்டிற்கும் எளிதாகவும் மலிவாகவும் கைகொடுத்தது கொலிஸ்டின். ஒன்றிரண்டு நோயுற்றால் கொட்டகை முழுவதற்கும் கொடுப்பர். நோய் வருமுன்பே கொடுப்போரும் பலர். ஒரு கொட்டகைக் கோழியும் ஒரு வாரத்தில் போய்விட்டால் வங்கிக் கடனை யார் அடைப்பது என்று கேட்கும் பண்ணையாரின் கேள்விக்கு, ஊர்ப்புறத்தில் அமர்ந்து அறிவுரை சொல்லும் நாம் எளிதில் விடை சொல்லிவிட முடியாது.

இதற்கிடையில் மருத்துவமனைகளில் காற்று திசை மாறிற்று. மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்கத் தொடங்கின. இறுதி அரணாக வைத்திருந்த கார்பாபெனெம் மருந்துகளையும் முறிக்கும் என்.டி.எம்.-1 என்னும் மரபணு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவியிருத்தலைக் காட்டும் கட்டுரை 2010-இல் வந்தது; அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. புது டில்லியின் பெயரை அம்மரபணுவுக்கு இட்டதைப் பற்றி அன்று எழுந்த பூசல் பெரிது. பூசலில் பொருளை மறந்தவர் பலர். கார்பாபெனெம் தோற்ற நோயாளிக்கு மருத்துவர் எடுத்துக்கொடுக்க எஞ்சி நின்றவை மிகச் சில. அவற்றுள் ஒன்று, மூலையில் தூசு படிந்து கிடந்த கொலிஸ்டின். சிறுநீரகம் கெட்டாலும் உயிர் தங்கட்டும் என்று அதனையே மீண்டும் கையிலெடுத்தனர்.

ஏடு பெயர்த்த நுண்ணுயிர்

கொலிஸ்டினுக்கு அடங்காத நுண்ணுயிர்கள் முன்னும் இருந்தன. ஆயினும் அவை தத்தம் மரபுப் பொருளில் நேர்ந்த மாற்றத்தால் அத்தன்மை பெற்றவை. தம் வழித்தோன்றலுக்குத் தருமேயன்றி அயலாருக்குத் தரமாட்டா. ஆகவே கொலிஸ்டின் எதிர்ப்புப் பரவாது என்று அறிஞர் நம்பினர். அந்நம்பிக்கை 2015 நவம்பரில் தகர்ந்தது.

சீனத்தில் லியூ யீ-யுன் முதலானோர் ஒரு பன்றியிடமிருந்து எடுத்த ஈ.கோலையில் எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணுவைக் கண்டனர். இது நுண்ணுயிரின் புறச்சுவரில் ஒரு சிறு வேதிப்பொருளை ஒட்டவைத்து, அதன் எதிர் மின்னூட்டத்தைக் குறைத்துவிடுகிறது. கொலிஸ்டின் வந்து பற்றுவதற்கு இடமில்லாமல் போகிறது. இதனினும் கொடிய செய்தி, அம்மரபணு இருந்த இடம். அது பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் இருந்தது. பழங்காலத்தில் ஒரூர்ப் புலவர் வைத்திருந்த ஏட்டை மற்றோர் ஊரார் வாங்கிப் பெயர்த்தெழுதிக்கொண்டு போவார்கள் அல்லவா? ஏடும் அவரிடமே இருக்கும், படியும் இவரிடம் வந்துவிடும். பிளாஸ்மிட்டும் அத்தகையதே. ஒரு நுண்ணுயிர் அருகே நிற்கும் மற்றொன்றுக்கு அதன் படியைக் கொடுத்துவிடும். பெறுவது தன் இனமாய் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. பன்றியின் ஈ.கோலை கற்ற பாடத்தை மனிதரின் கிளெப்சியெல்லா படித்துக்கொள்ளும்.

அவர்கள் 2011 முதல் 2014 வரை திரட்டிய மாதிரிகளில், கடையில் வாங்கிய பச்சை இறைச்சி 523-இல் 78-இலும், விலங்குகள் 804-இல் 166-இலும், நோயுற்ற மனிதர் 1,322 பேரில் 16 பேரிடத்தும் இம்மரபணு உடைய ஈ.கோலை இருந்தது. விலங்கில் நூற்றுக்கு இருபத்தொன்று, மனிதரில் ஒன்று. நீர் எத்திசையிலிருந்து எத்திசைக்குப் பாய்கிறது என்பதற்கு இவ்வெண்களே சான்று. பின்னர், சேமித்து வைத்திருந்த பழைய மாதிரிகளைத் துழாவியபோது 1980-களில் சீனக் கோழிகளிடமிருந்து எடுத்தவற்றிலும் இஃது அரிதாய்க் காணப்பட்டது. விதை முன்பே இருந்திருக்கிறது. மருந்து கலந்த தீவனம் அதற்கு எருவாயிற்று.

மலேசியாவும் தமிழகமும்

இச்செய்தி வெளிவந்த அடுத்த ஆண்டிலேயே, 2016-இல், மலேசியாவில் எடுத்த ஈ.கோலை மாதிரிகளிலும் எம்.சி.ஆர்.-1 உண்டென்று அறிவிக்கப்பட்டது. கோழி வளர்ப்பில் முன்னணியில் நிற்கும் ஜொகூர் போன்ற மாநிலத்தார்க்கு இஃது அயலூர்ச் செய்தியன்று. மலேசியச் சுகாதார அமைச்சும் விவசாய அமைச்சும் சேர்ந்து மனிதர், விலங்கு என்னும் இரண்டையும் தழுவிய ஒரு செயல்திட்டத்தை 2017-இல் வகுத்தன. உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பது 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. தீவனத்தில் மருந்து கலப்பதை எதிர்த்து நெடுங்காலம் குரலெழுப்பி வந்தது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். அதன் தலைவராய் நெடுங்காலம் உழைத்த எஸ்.எம். முகமது இத்ரீஸ் அதே 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்தார். தடை வந்ததைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது.

இந்தியாவில் இவ்வழக்கைத் தூக்கிப் பிடித்தவருள் முன்னிற்பவர் சென்னைத் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். மருந்து எதிர்ப்பைத் தடுக்கும் வழிகளை வகுத்த ‘சென்னைப் பிரகடனம்’ 2012-இல் அவர் முயற்சியால் உருவாயிற்று. பின்னர் அவரும் உடனாய்வோரும் உணவுப் பொருள்களைச் சோதித்து, கொலிஸ்டினுக்கு அடங்காத நுண்ணுயிர்கள் அவற்றில் உண்டெனக் காட்டினர். தம் நோயாளிகளுக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து, கோழி கொழுக்க மூட்டைக் கணக்கில் விற்கப்படுவதைக் காணும் மருத்துவரின் உள்ளம் எப்படிக் கொதித்திருக்கும்! முட்டைக்குப் பெயர் பெற்ற நாமக்கல் உள்ளிட்ட நாடு முழுவதற்கும் பொருந்துமாறு, இந்திய நடுவண் அரசு 2019 ஜூலையில், உணவு விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் மீன் வளர்ப்புக்கும் கொலிஸ்டினைச் செய்வதையும் விற்பதையும் தடுத்தது.

தடையால் பயன் உண்டா?

ஒருமுறை பரவிய மரபணு மருந்தை நிறுத்தினால் மட்டும் போய்விடுமா என்று ஐயுறுவோர் உளர். நியாயமான ஐயம். வேறொரு மருந்தை முறிக்கும் மரபணுவும் அதே பிளாஸ்மிட்டில் உடன் அமர்ந்திருந்தால், அந்த மருந்தைக் கொடுக்கும்போதெல்லாம் இதுவும் சேர்ந்து காக்கப்படும். ஆகவே கொலிஸ்டினை விலக்கி, அதன் இடத்தில் வேறு மருந்தைக் கொட்டுவது மாற்றாகாது.

எனினும் சீனத்தின் அனுபவம் மனத்துக்குத் தெம்பு தருகிறது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை அந்நாடு 2017 ஏப்ரல் இறுதியில் நிறுத்திற்று. 2015-இல் 27,170 டன்னாக இருந்த கொலிஸ்டின் தீவனக்கலவை உற்பத்தி 2018-இல் 2,497 டன்னாக வீழ்ந்தது. 2015-16-இல் பன்றிகளில் நூற்றுக்கு 34 ஆக இருந்த கொலிஸ்டின் எதிர்ப்பு ஈ.கோலை, 2017-18-இல் 5 அளவுக்கு இறங்கிற்று. கோழிகளில் 18-இலிருந்து 5 ஆயிற்று. மனிதர் குடலில் எம்.சி.ஆர்.-1 உடைய ஈ.கோலை, 2016-இல் நூற்றுக்கு 14.3 பேரிடம் இருந்தது, 2019-இல் 6.3 பேரிடமே இருந்தது. இத்துணை விரைவில் இறங்கும் என்று பலரும் எதிர்பார்க்கவில்லை. பயன்படாத சுமையைத் தூக்கித் திரியும் நுண்ணுயிர், சுமையில்லாத நுண்ணுயிரோடு போட்டியிட்டுப் பின்தங்கிப் போகிறது என்பது இதற்குக் கூறும் விளக்கங்களுள் ஒன்று.

மருந்தில்லாமல் குருளைகளைக் காக்க வழியில்லையா எனின், உண்டு. ஆனால் உழைப்பும் செலவும் மிகுதி. தாயிடமிருந்து சற்றுப் பிந்திப் பிரித்தல், ஒரு கூட்டம் வெளியேறியபின் கொட்டகையைக் கழுவி உலரவிட்டே அடுத்ததை ஏற்றுதல், தடுப்பூசி, நெருக்கம் குறைத்தல், தீவனத்தில் புரதத்தை அளந்து வைத்தல் ஆகியவை அவை. ஊசி என்றால் முகஞ்சுளிக்கும் நாம் அறியவேண்டுவது, கோழிக்குப் போடும் தடுப்பூசி இந்த மருந்துத் தேவையைக் குறைக்கிறது என்பதாகும். ஐரோப்பிய ஒன்றியம் எடை கூட்டுவதற்காக இவ்வகை மருந்துகளைத் தீவனத்தில் கலப்பதை 2006-இலேயே ஒழித்தது. 2022 ஜனவரி முதல், நோய் வராமலிருக்க வழக்கமாகக் கொடுப்பதையும் தடுத்துள்ளது.

இனி, தங்காக் சந்தையில் கேள்வி கேட்ட அம்மைக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடலாம். கம்போங் கோழியாயினும் பண்ணைக்கோழியாயினும் அதன் குடலில் நுண்ணுயிர் உண்டு. வெட்டும்போது அது கறியில் படுகிறது. நன்றாகக் கொதிக்கும் குழம்பில், மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரும் அடங்கியே தீரும். மருந்தை எதிர்க்கும் ஆற்றல் சூட்டை எதிர்க்கும் ஆற்றல் அன்று. ஆபத்து அடுப்பில் இல்லை. கழுவாத கையிலும், பச்சைக் கோழியை நறுக்கிய அதே பலகையில் வெள்ளரிக்காயை நறுக்குவதிலும் இருக்கிறது. குழாயடியில் பச்சைக் கோழியைத் திறந்துவிட்ட நீரில் அலசும் வழக்கமும் நன்றன்று. தெறிக்கும் துளிகள் பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டுகள்மேல் விழும். கறிக்குத் தனிப்பலகை, காய்க்குத் தனிப்பலகை, இடையில் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல்: தடைச் சட்டம் எட்டாத அடுக்களையில் இவை மூன்றும் அந்தப் பிளாஸ்மிட்டின் பயணத்தை நிறுத்தும்.